ஃபுத்தபயாமா சதாஜி

ஃபுத்தபயாமா சதாஜி (பெப்ரவரி 9, 1912 – டிசம்பர் 16, 1968) ஜப்பானைச் சேர்ந்த புகழ்பெற்ற சுமோ மற்போர் வீரர் ஆவார். சுமோவின் மிக உயர்ந்த தகுதியான யோக்கோசுனா நிலையை எய்தியவர்களுள் இவர் 35ஆவது ஆவார். 1936ஆம் ஆண்டு முதல் 1939ஆம் ஆண்டு வரை தொடர்ச்சியாக 69 போட்டிகளில் வென்றார். இச்சாதனையை இன்று வரை எவரும் முறியடிக்கவில்லை. உயர்பிரிவில் 12 தொடர்களில் வாகை சூடிய இவர், அவற்றுள் 8 தொடர்களில் ஒரு தோல்வியும் காணவில்லை. சிறுவயதிலேயே வலக்கண் பார்வையை இழந்த இவர், களத்தில் இருந்த காலம் முழுவதும் அதை வெளியே தெரியாமல் காத்துவந்தார். பின்னாளில் ஜப்பான் சுமோ சங்கத்தின் தலைவராகப் பல சீர்திருத்தங்களை மேற்கொண்டார்.

சுருக்கத் தரவுகள்

இயற்பெயர்: அக்கியோஷி சதாஜி
பிறப்பிடம்: ஓயித்தா மாநிலம், கியூஷூ தீவு, ஜப்பான்
உயரம்: ஏறத்தாழ 179 செ.மீ.
எடை: ஏறத்தாழ 128 கி.கி.
பயிற்சி இல்லம்: தத்சுனாமி, பின்னர் சொந்தப் பயிற்சி இல்லம்
அறிமுகம்: 1927
ஓய்வு: 1945
உயர்பிரிவு வாகைகள்: 12

சுமோ தரநிலைகள்

சுமோ போட்டி களிமண்ணால் அமைத்த மேடையில், 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் நடைபெறும். வட்டத்துக்கு வெளியே முதலில் கால் வைப்பவரோ, உள்ளங்கால் தவிர உடலின் வேறு எப்பகுதியையாவது முதலில் தரையில் ஊன்றுபவரோ தோற்றவர் ஆவார். பெரும்பாலான போட்டிகள் சில நொடிகளில் முடிந்துவிடும். எனவே மிகச் சிறந்த வீரரும் ஒரு கணத் தவறால் தோற்க நேரலாம். நீண்ட தொடர்வெற்றிகள் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

உயர்பிரிவாகிய மாக்குஉச்சியில் மாயெகாஷிரா, கொமுசுபி, செக்கிவாக்கே, ஓசெக்கி, யோக்கோசுனா என ஐந்து தரநிலைகள் ஏறுவரிசையில் அமைந்துள்ளன. ஒவ்வொரு தொடரின் முடிவிலும் வெற்றி தோல்விகளைக் கணக்கிட்டு வீரர்களின் நிலை உயர்த்தப்படும் அல்லது தாழ்த்தப்படும். யோக்கோசுனா நிலையை அடைந்தவர் மட்டும் கீழிறக்கப்படுவதில்லை. அந்நிலைக்குரிய ஆற்றலை இழந்தால் அவர் ஓய்வு பெற வேண்டும் என்பது மரபு.

இளமைக் காலம்

சதாஜி கியூஷூ தீவின் வடகிழக்கில், இன்றைய உசா நகரத்துக்கு உட்பட்ட பகுதியில் பிறந்தார். இவருடைய தந்தை கடலோரக் கப்பல் போக்குவரத்துத் தொழில் செய்துவந்தார். சிறுவர்கள் விளையாடிய ஊதுகுழல் அம்பு ஒன்று பட்டதால் சதாஜி வலக்கண்ணின் பார்வையை இழந்தார். தந்தையின் தொழில் நலிவுற்றதால் இளமையிலேயே கப்பலில் உழைக்க நேரிட்டது. அப்போது இயந்திரத்தில் சிக்கி வலக்கைச் சிறுவிரலின் ஒரு பகுதியும் சிதைந்தது. எதிராளியின் இடுப்புக் கச்சையை இறுகப் பற்றுவதே அடிப்படையான ஒரு விளையாட்டில் இவ்விரு குறைகளும் சிறியன அல்ல.

உடல் வலிமையால் உள்ளூரில் அறியப்பட்ட சதாஜி, 1927ஆம் ஆண்டு தோக்கியோவில் உள்ள தத்சுனாமி பயிற்சி இல்லத்தில் சேர்ந்து, அதே ஆண்டு மார்ச்சு மாதம் களத்தில் அறிமுகமானார். அவருக்குச் சூட்டப்பட்ட ஃபுத்தபயாமா என்னும் களப்பெயரில் உள்ள ஃபுத்தப என்பது முளையின் இரட்டை இலையைக் குறிக்கும். சந்தனமரம் முளையிலேயே மணக்கும் என்பது ஒரு ஜப்பானியப் பழமொழி. அதிலிருந்தே இப்பெயர் எடுக்கப்பட்டது என்பர். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்னும் தமிழ்ப் பழமொழியும் இதே கருத்தைக் கூறுகிறது.

ஷுன்ஜுஎன் நிகழ்வும் உயர்பிரிவும்

1932ஆம் ஆண்டு ஜனவரியில், சுமோ சங்கத்தின் நிருவாகத்தில் சீர்திருத்தம் வேண்டிப் பல முன்னணி வீரர்கள் தோக்கியோவில் ஷுன்ஜுஎன் என்னும் சீன உணவகத்தில் கூடிப் போராட்டத்தில் இறங்கினர். தென்ரியூ, ஓனோசத்தோ ஆகியோர் இதற்குத் தலைமை தாங்கினர். பேச்சுகள் பயனளிக்காமல் பெருந்தொகையான வீரர்கள் சங்கத்தை விட்டு விலகினர். வெற்றிடங்களை நிரப்புவதற்காக இரண்டாம் பிரிவிலிருந்த சில வீரர்களைச் சங்கம் உயர்த்தியது. அவர்களுள் 20 வயதான ஃபுத்தபயாமாவும் ஒருவர்.

தகுதிக்கு முன்பே கிடைத்த உயர்வு என்பதால் தொடக்கத்தில் அவர் பெரிதும் தடுமாறினார். எடை குறைந்தவராக இருந்ததால் எதிராளிகள் அவரை எளிதில் வட்டத்தின் விளிம்பு வரை தள்ளிச்சென்றனர். அங்கிருந்து உடலைப் பின்னால் வளைத்து, தள்ளிவந்தவரையே தூக்கி வெளியே வீசும் உச்சாரி என்னும் உத்தியால் அவர் பலமுறை தப்பினார். இதனால் உச்சாரி ஃபுத்தபயாமா என்று அழைக்கப்பட்டார். எப்போதும் விளிம்பில் நின்று வெல்பவர் என்பதால் இப்பெயரில் பாராட்டோடு ஏளனமும் கலந்திருந்தது. எனினும் விளிம்பில் பெற்ற இப்பயிற்சியே அவருடைய இடுப்பையும் கால்களையும் உறுதியாக்கியது. பின்னர் உடல் எடையும் கூடியபோது அவரை நகர்த்துவதே அரிதாயிற்று.

69 தொடர்வெற்றிகள்

1936ஆம் ஆண்டு ஜனவரித் தொடரின் 6ஆம் நாளில், அக்காலத்தின் முதன்மை வீரராகிய யோக்கோசுனா தாமனிஷிக்கியிடம் ஃபுத்தபயாமா தோற்றார். மறுநாள் பெற்ற வெற்றியிலிருந்து தொடர்வெற்றிகள் தொடங்கின. அக்காலத்தில் ஆண்டுக்கு இரண்டு தொடர்கள் மட்டுமே நடைபெற்றன. வெற்றிகளின் விவரம் பின்வருமாறு:

1936 ஜனவரி (மாயெகாஷிரா): கடைசி 5 நாட்களில் 5 வெற்றிகள்
1936 மே (செக்கிவாக்கே): 11 வெற்றிகள், வாகை
1937 ஜனவரி (ஓசெக்கி): 11 வெற்றிகள், வாகை
1937 மே (ஓசெக்கி): 13 வெற்றிகள், வாகை
1938 ஜனவரி (யோக்கோசுனா): 13 வெற்றிகள், வாகை
1938 மே (யோக்கோசுனா): 13 வெற்றிகள், வாகை
1939 ஜனவரி (யோக்கோசுனா): முதல் 3 நாட்களில் 3 வெற்றிகள்

1936 மே தொடரில் தாமனிஷிக்கியை அவர் முதன்முறையாக வென்றார். 1937 மே தொடருக்குப் பின்னர், 25ஆம் வயதில் யோக்கோசுனாவாக உயர்த்தப்பட்டார். 18ஆம் நூற்றாண்டின் பெருவீரரான தானிக்காசே 63 தொடர்வெற்றிகள் பெற்றிருந்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நிலைத்திருந்த அந்த எண்ணிக்கையை 1938 மே தொடரின்போது ஃபுத்தபயாமா கடந்தார்.

இக்காலத்தில் சுமோ மீதான ஆர்வம் நாடெங்கும் பெருகியது. அரங்கில் இடம்பிடிக்க மக்கள் இரவிலேயே வந்து வரிசையில் நின்றனர். வானொலி நேர்முக வருணனை அவருடைய புகழைச் சிற்றூர்கள் வரை கொண்டுசென்றது. கூட்டம் மிகுந்ததால் 11 நாட்களாக இருந்த தொடர் 1937 மே முதல் 13 நாட்களாகவும், 1939 மே முதல் 15 நாட்களாகவும் நீட்டிக்கப்பட்டது. 1937இல் சீனாவுடன் போர் மூண்டிருந்த சூழலில், தோல்வியறியா வீரர் என்னும் அவருடைய பிம்பம் அன்றைய போர்க்கால நாட்டுப்பற்று உணர்வோடு இணைத்துப் பார்க்கப்பட்டது.

எழுபதாவது போட்டி

1938ஆம் ஆண்டு மஞ்சூரியப் பகுதிகளில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தின்போது ஃபுத்தபயாமா வயிற்றுக்கடுப்பு நோயால் தாக்குண்டு உடல் எடை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தாமனிஷிக்கி நோயுற்று இறந்தார். தொடரின் முதன்மை வீரர் என்னும் பொறுப்பு முழுவதும் ஃபுத்தபயாமா மீது விழுந்தது. முற்றிலும் நலம்பெறாத நிலையிலேயே அவர் 1939 ஜனவரித் தொடரில் களமிறங்கினார்.

அக்காலத்தின் மிகப்பெரிய பயிற்சி இல்லமான தேவானோஉமியைச் சேர்ந்தவர்கள் அவரை வீழ்த்தும் வழியை நெடுநாளாக ஆராய்ந்துவந்தனர். வசேதா பல்கலைக்கழகத்தில் பயின்ற வீரரான கசாகியாமா இதில் முன்னின்றார். ஃபுத்தபயாமாவின் வலக்காலைக் குறிவைத்துத் தாக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு.

ஜனவரி 15, 1939 அன்று, தொடரின் 4ஆம் நாளில், அவ்வில்லத்தின் இளம் வீரர் அக்கினோஉமி ஃபுத்தபயாமாவை எதிர்கொண்டார். ஃபுத்தபயாமா எறிய முயன்ற வேளையில், அக்கினோஉமி காலை வெளிப்புறமாகக் கொக்கியிட்டு அவரைச் சாய்த்தார். சொத்தோகாக்கே எனப்படும் உத்தி இது. அரங்கம் பேரொலியில் மூழ்கியது. பார்வையாளர்கள் இருக்கை மெத்தைகளை வீசியெறிந்தனர். ஃபுத்தபயாமா வழக்கம்போல் வணங்கிவிட்டு அமைதியாக வெளியேறினார். அக்கினோஉமி பின்னாளில் 37ஆவது யோக்கோசுனா ஆனார்.

மரச்சேவல்

ஃபுத்தபயாமா சீனச் சிந்தனைகளில் வல்லவரான யாசுஓக்கா மசாஹிரோ என்பவரிடம் ஈடுபாடு கொண்டிருந்தார். பண்டைய சீன ஞானி சுவாங்சியின் நூலில் உள்ள மரச்சேவல் கதையை அவரிடமிருந்தே கேட்டறிந்தார். அரசன் ஒருவனுக்காகச் சண்டைச்சேவலைப் பழக்கும் பயிற்சியாளர், சேவல் ஆயத்தமா என்று அரசன் கேட்கும்போதெல்லாம் இல்லை என்கிறார். முதலில் அது வீண்செருக்குக் கொண்டிருக்கிறது. பிறகு பிற சேவல்களின் நிழலுக்கும் ஒலிக்கும் துள்ளுகிறது. பிறகும் சினத்தோடு முறைக்கிறது. இறுதியில் எதற்கும் அசையாமல், மரத்தில் செதுக்கியது போல் நிற்கிறது. அப்போது அதை எதிர்க்க எந்தச் சேவலும் துணியவில்லை.

தோல்விக்குப் பின்னர், அப்போது கப்பற்பயணத்தில் இருந்த யாசுஓக்காவுக்கு ஃபுத்தபயாமா ஒரு தந்தி அனுப்பினார். தாம் இன்னும் மரச்சேவலாகவில்லை என்பதே அதன் பொருள். இச்செய்தி ஜப்பானில் பரவலாக அறியப்பட்டுப் பிற்கால வீரர்களாலும் நினைவுகூரப்பட்டது. 2010இல் தம்முடைய நீண்ட தொடர்வெற்றி முடிவுற்றபோது யோக்கோசுனா ஹாக்குஹோவும் இக்கதையை நினைவுபடுத்தினார்.

முதல் தோல்வியைத் தொடர்ந்து அடுத்த இரு நாட்களிலும் ஃபுத்தபயாமா தோற்றார். அத்தொடரை 9 வெற்றி, 4 தோல்விகளுடன் முடித்தார். ஆனால் 15 நாட்களாக நடந்த அடுத்த தொடரில், 1939 மே மாதம், 15 போட்டிகளையும் வென்று மீண்டும் வாகை சூடினார். தொடர்வெற்றி முறிந்த பிறகு மட்டும் அவர் பெற்ற வாகைகள் 7 ஆகும். 1943இல் நடந்த இரு தொடர்களிலும் அவர் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை.

ஆட்ட முறை

சுமோவில் நடுவர் தொடக்க ஒலி எழுப்புவதில்லை. இரு வீரர்களும் மூச்சொத்து ஒரே கணத்தில் எழுந்து மோத வேண்டும். ஒருவர் ஆயத்தமாகாவிடில் மத்தா என்று தடுத்து மீண்டும் தொடங்கலாம். ஃபுத்தபயாமா இதைக் கையாளவே மாட்டார் என்பது அவருடைய தனிச்சிறப்பு. எதிராளி எப்போது எழுந்தாலும் தாமும் எழுந்துவிடுவார். பார்வைக்குப் பின்னர் எழுவது போல் தோன்றினாலும், மோதும் கணத்தில் மேலாண்மை அவர் கையில் இருக்கும். பார்வைக் குறையுள்ள ஒருவர் கண்ணை மட்டும் நம்பாமல் உடலால் எதிராளியை உணரக் கற்றதன் விளைவு இது என்று கருதுவோர் உண்டு.

எதிராளியைப் பற்றிக்கொண்ட பின்னர், இடக்கையால் கச்சையை மேற்புறமாகப் பிடித்து எறியும் உவாத்தேநாகே அவருடைய முதன்மை ஆயுதமாக இருந்தது.

போர்க்காலமும் ஓய்வும்

களத்தில் இருந்தபோதே, 1941இல், ஃபுத்தபயாமா தம்முடைய பெயரில் தனிப் பயிற்சி இல்லம் ஒன்றைத் தொடங்கினார். போர் கடுமையானபோது சுமோவும் பாதிப்புக்குள்ளானது. 1944இல் தோக்கியோவின் கொக்குகிக்கான் அரங்கை இராணுவம் எடுத்துக்கொண்டதால் போட்டிகள் திறந்தவெளி அரங்குக்கு மாறின. 1945 சூனில் பொதுமக்களுக்கு அனுமதியின்றி நடந்த தொடரில் முதல் நாள் வென்ற பின் அவர் விலகிக்கொண்டார். அதுவே அவருடைய கடைசிப் போட்டி ஆகும். 1945 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். யோக்கோசுனாவாக அவர் 180 வெற்றிகளும் 24 தோல்விகளும் பெற்றிருந்தார். வலக்கண் பார்வையற்றது என்பது ஓய்வுக்குப் பின்னரே வெளியுலகுக்குத் தெரியவந்தது.

கனசாவா நிகழ்வு

போருக்குப் பிந்தைய குழப்பமான காலத்தில் ஜப்பானில் பல புதிய சமயக் குழுக்கள் தோன்றின. அவற்றுள் ஜிகோசோன் என்னும் பெண் தலைமை தாங்கிய ஜியூ என்ற குழுவில் ஃபுத்தபயாமா சேர்ந்தார். கோ விளையாட்டின் மேதையான கோ செய்கெனும் அக்குழுவில் இருந்தார். 1947 ஜனவரியில் கனசாவா நகரில் அக்குழுவின் இருப்பிடத்தில் காவல்துறையினர் நுழைந்தபோது, ஃபுத்தபயாமா அவர்களை எதிர்த்துப் போராடிக் கைதானார். விரைவில் விடுவிக்கப்பட்ட அவர் அக்குழுவை விட்டு விலகிச் சுமோவுக்குத் திரும்பினார்.

சங்கத் தலைவர்

தொக்கித்சுக்காசே என்னும் மூத்தோர் பெயரை ஏற்ற அவருடைய பயிற்சி இல்லம் அப்பெயராலேயே அறியப்படலாயிற்று. 42ஆவது யோக்கோசுனாவான காகமிசத்தோ இங்கு உருவானவர். சங்கத்தின் நிருவாகம் நாடாளுமன்றத்தில் கடும் வினாக்களுக்கு உள்ளான 1957ஆம் ஆண்டில் ஃபுத்தபயாமா சங்கத் தலைவரானார். இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் நிகழ்ந்த முக்கிய மாற்றங்கள்:

வீரர்களுக்கு மாதச் சம்பள முறை நடைமுறைக்கு வந்தது (1957).
ஆண்டுக்கு ஆறு தொடர்கள் என்னும் முறை நிலைபெற்றது (1958).
மூத்தோருக்கு 65 வயதில் கட்டாய ஓய்வு வகுக்கப்பட்டது (1961).
ஒரே பயிற்சி இல்லத்தவர் தவிர எவரும் எவரையும் எதிர்கொள்ளும் முறை கொண்டுவரப்பட்டது (1965).

கடைசி மாற்றத்துக்கு முன்னர், உறவுடைய இல்லங்களைச் சேர்ந்த வீரர்கள் தம்முள் மோதுவதில்லை. இதனால் சிலருக்கு வலிய எதிராளிகளைத் தவிர்க்கும் வாய்ப்பு இருந்தது. 1932இல் வீரர்கள் போராடிக் கேட்ட சீர்திருத்தங்களை ஒத்த சில மாற்றங்கள், அப்போராட்டத்தின் வெற்றிடத்தால் உயர்வு பெற்ற ஒருவருடைய தலைமையில் நிறைவேறியது குறிப்பிடத்தக்கது.

சாதனை ஒப்பீடு

ஃபுத்தபயாமாவுக்குப் பின்னர் நீண்ட தொடர்வெற்றி பெற்றவர்கள்:

ஹாக்குஹோ: 63 (2010)
சியோனோஃபுஜி: 53 (1988)
தைஹோ: 45 (1968–1969)

இவ்வெண்களை ஒப்பிடும்போது காலச்சூழலையும் கருத வேண்டும். ஹாக்குஹோவின் 63 வெற்றிகளும் ஒரே ஆண்டுக்குள் அமைந்தன. ஃபுத்தபயாமாவின் 69 வெற்றிகள் மூன்று ஆண்டுகளில் பரவியிருந்தன. எனவே காயம், நோய், தளர்ச்சி ஆகியவற்றைக் கடந்து நெடுங்காலம் அதே நிலையில் நிற்க வேண்டியிருந்தது. மறுபுறம், தொடர்களுக்கு இடையே நீண்ட ஓய்வும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய 12 வாகைகளும் ஆண்டுக்கு இரண்டு தொடர்கள் நடந்த காலத்தவை. ஆறு தொடர்கள் நடக்கும் காலத்தில் அவ்வெண்ணிக்கையைத் தைஹோ, ஹாக்குஹோ உள்ளிட்ட பலர் கடந்துள்ளனர்.

மறைவு

ஃபுத்தபயாமா கல்லீரல் அழற்சியால் டிசம்பர் 16, 1968 அன்று தம்முடைய 56ஆம் வயதில் காலமானார். உசா நகரில் அவர் பிறந்த இடத்தில் நினைவகம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது.