ராஸ் லஃபானில் வேலை, பிள்ளைக்குப் படிப்பு எங்கே?

தோஹாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் போனால் ராஸ் லஃபான் வரும். கட்டாரின் முதலாவது திரவ எரிவாயுக் கப்பல் 1996 டிசம்பரில் இங்கிருந்துதான் ஜப்பானுக்குப் புறப்பட்டது. எம்மவர் பலருக்கு அந்தப் பெயர் ஒரு தபால் முகவரியாகவும், மாதமுடிவில் வீட்டுக்கு வந்துசேரும் உண்டியல் காசாகவும்தான் பழக்கம். இப்போது சிலர் மனைவி பிள்ளைகளையும் அழைத்துக்கொள்கிறார்கள். அழைத்தவுடன் எழும் முதற் கேள்வி, "அங்கே எந்தப் பள்ளிக்கூடம் நல்லது?" என்பதே.

ராஸ் லஃபான் ஒரு தொழில் நகரம். குடும்பம் வைத்து வாழும் ஊர் அன்று. எரிவாயுக் கம்பனிகளின் குடும்ப வீடுகள் தெற்கே அல் கோரில் இருக்கின்றன. அந்தச் சலுகை இல்லாத கூலித் தொழிலாளிக்குக் கிடைப்பது 'காம்ப்'. முகாம் என்ற சொல் எமக்குப் புதிதல்ல, ஆனால் இந்த முகாமில் பிள்ளைகள் இல்லை.

கட்டாரின் அரசாங்கப் பாடசாலைகளில் 7, 8, 9ஆம் வகுப்புகள் இடைநிலைப் பிரிவாகும். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் வெவ்வேறு பாடசாலைகள். படிப்பு அரபு மொழியில். அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் கட்டார் பிள்ளைகளும், மற்றைய அரபு நாடுகளிலிருந்து வந்தோரின் பிள்ளைகளும்தான். எம்மவரின் பிள்ளைகளுக்கு அநேகமாகத் தனியார் பாடசாலையே கதி. அல் கோரில் எரிவாயுக் கம்பனி ஊழியரின் பிள்ளைகளுக்கென்று அல் கோர் சர்வதேசப் பாடசாலை இருக்கிறது. அதில் பிரித்தானியப் பாடத்திட்டத்துக்கு ஒரு பிரிவும் இந்தியப் பாடத்திட்டத்துக்கு ஒரு பிரிவும் உண்டு. தோஹாவில் இந்தியப் பாடசாலைகள் பல. இலங்கையருக்கென 2001இல் தொடங்கிய ஸ்ராஃபோர்ட் இலங்கைப் பாடசாலையும் அங்கேதான்.

இனிப் பெறுபேறுகளுக்கு வருவோம். 15 வயது மாணவரை நாடுவாரியாகச் சோதிக்கும் 'பீசா' பரீட்சையில் கட்டார் முதன்முதலாகக் கலந்துகொண்டது 2006இல். கணிதத்தில் பெற்றது 318 புள்ளி. அந்த முறை பங்குபற்றிய 57 நாடுகளில் கட்டாருக்குக் கீழே கிர்கிஸ்தான் மட்டுமே இருந்தது. 2022இல் அதே கணிதப் புள்ளி 414 ஆகியிருந்தது. வளர்ந்த நாடுகளின் சராசரியான 472இற்கு இன்னும் தூரம் இருந்தாலும், 16 ஆண்டுகளில் இது சிறிய ஏற்றமல்ல. வாசிப்பில் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளை வெகுவாக முந்துகிறார்கள் என்பதையும் இந்தப் பரீட்சைகள் காட்டின.

எமக்கு முக்கியமானது வேறொன்று. சோதிக்கப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்தினர். ஐரோப்பாவில் வந்தேறு குடிகளின் பிள்ளைகள் பொதுவாகப் பின்தங்குவதாகவே கணக்குகள் சொல்லும். கட்டாரிலோ அவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளை முந்துகிறார்கள். அதைப் பார்த்து "எங்கட பிள்ளையள் எங்கே போனாலும் கெட்டிக்காரர்" என்று நெஞ்சை நிமிர்த்த ஆசையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுப்போம். குடும்பத்தை அழைக்கும் உரிமை அங்கே சம்பளத்தைப் பொறுத்தது. ஆகவே அந்த வகுப்பறைகளில் இருப்பது பொறியியலாளர், வைத்தியர், கணக்காளர் போன்றோரின் பிள்ளைகள். குழாய் ஒட்டுபவரின் பிள்ளையும், வீட்டுவேலைக்குப் போன தாயின் பிள்ளையும் மட்டக்களப்பிலோ கிளிநொச்சியிலோ அம்மம்மாவோடு இருந்து படிக்கிறார்கள். அவர்களுடைய புள்ளி எந்தக் கட்டார்க் கணக்கிலும் சேராது. சராசரியைப் பார்க்கும்போது வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, யார் இல்லை என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

இது கட்டாருக்கு மாத்திரம் உரிய கதையல்ல. இங்கிலாந்தில் 1992 முதல் பாடசாலைவாரியான பெறுபேறுகள் வெளிவரத் தொடங்கின. பட்டியலின் மேலே இருந்தவற்றில் பல, வசதியான வீட்டுப் பிள்ளைகளையே சேர்த்த பாடசாலைகள். பிள்ளை சேர்ந்தபோது இருந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறியது என்று அளக்கும் முறையை 2016இல் அங்கே கொண்டுவந்தார்கள். அகதிக் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கே கூடுதலாக உதவும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2004இல் கட்டார் தன் அரசாங்கப் பாடசாலைகளைச் சீர்திருத்தத் தொடங்கியபோது கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. தாய்மொழியில் விளங்கிப் படித்த பிள்ளையும், அந்த மொழியில் கற்பித்த ஆசிரியரும் ஒருசேரத் தடுமாறினர். பெற்றோர் முறையிட்டனர். 2012இல் கற்பித்தல் மீண்டும் அரபுக்கே திரும்பியது. பணம் குறைவில்லாத ஒரு நாட்டில், சொந்த ஊரிலே இருந்த பிள்ளைகளுக்கே அந்த நிலை என்றால், யாழ்ப்பாணத்தில் 7ஆம் வகுப்புவரை தமிழில் விஞ்ஞானம் படித்துவிட்டு ஆங்கில வகுப்பில் போய் உட்காரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முதல் தவணையில் புள்ளி விழும். அதற்காக அடிப்பதோ, "மொக்கு" என்பதோ வேண்டாம். 'ஒளித்தொகுப்பு' என்றால் என்னவென்று தமிழில் கேட்டுப் பாருங்கள். சொல்லிவிட்டால் பாடம் தெரியும், மொழிதான் வரவில்லை. இதற்கு வேண்டியது கணித ரியூசன் அல்ல. தனியார் பாடசாலையிலும் அரபு மொழியும் கட்டார் வரலாறும் கட்டாயம் என்பதால் மூன்றாவது மொழி ஒன்றும் வந்து சேரும்.

போகமுன் கவனிக்க வேண்டியவை சில. இந்தியப் பாடத்திட்டத்தில் வருடம் ஏப்ரலில் தொடங்கும். பிரித்தானியப் பாடத்திட்டத்தில் கோடை விடுமுறைக்குப் பிறகு. எங்கள் ஜனவரிக் கணக்கில் போனால் பிள்ளை நடுவழியில் ஏறவேண்டிவரும். பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் கடைசித் தவணை அறிக்கையையும் அதிபரின் கையொப்பத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். போரிலும் இடப்பெயர்விலும் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலும் மீண்டும் பெறலாம். நாட்கள் எடுக்கும்; விசா வந்தபிறகு ஓடித்திரியாமல் முன்பே தொடங்குங்கள்.

அதிபரைச் சந்திக்கும்போது பாடசாலையின் சராசரியைக் கேட்பதோடு நின்றுவிடாமல், ஆங்கிலம் தெரியாமல் நடுவருடத்தில் வந்துசேர்ந்த பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். எத்தனை மணித்தியாலம், எந்த ஆசிரியர், மேலதிகக் கட்டணம் உண்டா என்று எழுதி வாங்குங்கள்.