வியாழன்தோறும் ஒரு குறுஞ்செய்தி
தான்சானியாவின் கிராமச் சுகாதார நிலையங்களில் மலேரியா மருந்து தீர்ந்துபோனால், அது மாவட்ட அலுவலகத்துக்கு உடனே தெரியாமல் இருந்தது. அந்தக் குறையைப் போக்க, 2009-இல் மூன்று மாவட்டங்களின் 129 நிலையங்களில் ‘எஸ்எம்எஸ் ஃபார் லைஃப்’ திட்டம் சோதிக்கப்பட்டது.

அப்போது வியாழன்தோறும் ஊழியரின் சொந்தக் கைப்பேசிக்கே செய்தி வந்தது. அவர் அலமாரியைத் திறந்து, உடல் எடைக்கேற்ற நான்கு வகை மாத்திரைப் பொதிகளும் குவினைன் ஊசிமருந்தும் எத்தனை என்று எண்ணி, வெறும் எண்களாகப் பதில் அனுப்புவார். செலவில்லை, நேரத்துக்கு அனுப்பினால் டாப்-அப் வேறு. ஆட்கள் தவறாமல் பதில் போட்டதில் இதற்குப் பெரும் பங்குண்டு என்றே தோன்றுகிறது. மாவட்ட அலுவலகம் கணக்கைப் பார்த்து, மிகுதியுள்ள நிலையத்திலிருந்து இல்லாத இடத்துக்கு மருந்தை மாற்ற முடிந்தது.

21 வாரங்களில், ஏதேனும் ஒரு மலேரியா மருந்தாவது இல்லாத நிலையங்கள் 78 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாகக் குறைந்தன. கிடங்கே காலியானால் மட்டும் குறுஞ்செய்தி உதவாது.