முள்ளுக்குள் இருக்கும் சோறு

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் குசினிக்கு வாரம் ஒரு சாக்கு கஷ்கொட்டை வரும். சுவிட்சர்லாந்தின் தெற்கு முனையில், இத்தாலி மொழி பேசும் டிச்சினோ மாநிலத்தில், முதியோர் இல்லம் ஒன்றில் சமைக்கிறேன். சாக்கை அவிழ்த்ததும் முதல் வேலை, எல்லாவற்றையும் பெரிய தொட்டித் தண்ணீரில் கொட்டுவது. மிதப்பவை பெரும்பாலும் பூச்சி துளைத்தவை. அவற்றை அள்ளி எறிந்துவிட்டு, தாழ்ந்தவற்றைத் துடைத்து, ஒவ்வொன்றின் வயிற்றிலும் சிறு கத்தியால் ஒரு கீறல் போடுவோம். அந்தக் கீறலை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா அடுப்புத் தணலில் பலாக்கொட்டை சுடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கீறாமல் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பட்டென்று வெடிக்கும். கஷ்கொட்டையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் பருப்பின் எடையில் பாதி தண்ணீர்.

முந்திரிப் பருப்பிலும் பாதாமிலும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 5 கிராம்தான் ஈரம்; பாதிக்குப் பாதி எண்ணெய். கஷ்கொட்டையில் கொழுப்பு 2 கிராம் அளவுதான், மிச்சம் பெரும்பாலும் மாச்சத்து. பேரில் கொட்டை என்று இருந்தாலும் பாதாம் இருக்கிற தட்டில் இதை வைக்கக் கூடாது. சோறும் கிழங்கும் இருக்கிற பக்கத்தில் வைக்க வேண்டும். இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அப்பாவுக்கு நடந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பா ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் என்னோடு இருந்தார். நீண்ட கால நீரிழிவுக்காரர். ஒரு மாலை லூகானோ ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். அங்கே இலையுதிர் காலம் முழுக்க இரும்புப் பானையில் கஷ்கொட்டை சுட்டு, காகிதப் பையில் சுடச்சுட விற்பார்கள். ஒன்றை உரித்து வாயில் போட்டதும் அப்பாவின் முகம் மாறியது. "பலாக்கொட்டை மாதிரியே கிடக்குது பிள்ளை, கொஞ்சம் இனிப்பு" என்றார். முழுப் பையையும் அவரே முடித்தார். நான் சற்றுத் தயங்கியபோது, "கொட்டைதானே, கொட்டை சீனி வருத்தத்துக்கு நல்லதெண்டு எல்லாரும் சொல்லுறவை" என்றார். அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 14 மில்லிமோலைத் தாண்டியிருந்தது. ஊர்க் கணக்கில் 250க்கு மேல்.

மறுநாள் எங்கள் இல்லத்துக்கு வரும் உணவியல் ஆலோசகரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். சுட்ட கஷ்கொட்டை 100 கிராமில் மாச்சத்து 53 கிராம். வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம். பை 200 கிராம் என்றால், கோது போக அப்பா தின்றது 150 கிராமாவது இருக்கும். ஏறக்குறைய 280 கிராம் சோறு. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு இரவுச் சாப்பாடு.

அதற்காக நீரிழிவுக்காரர் கஷ்கொட்டையைத் தொடவே கூடாது என்று சொல்லமாட்டேன். நடுத்தர அளவுக் கொட்டை உரித்த பின் எட்டு, ஒன்பது கிராம் வரும். ஆறு கொட்டை தின்றால், அன்று தட்டில் ஒரு சிறு அகப்பைச் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சோற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய சாமான், அவ்வளவுதான். இன்னொன்றும் அந்தத் தாளில் இருந்தது. சுட்டதில் நீர் வற்றி மாச்சத்து செறிந்துவிடுகிறது. அவித்ததில் நீர் ஏறி, 100 கிராமுக்கு 28 கிராம் மாச்சத்தாக, சோற்றுக்குச் சரிசமமாக நிற்கிறது. ஆகவே இப்போது அப்பாவை நினைத்து யாராவது கேட்டால், அவித்துத் தின்னுங்கள் என்கிறேன்.

சோறாக நினைத்துப் பார்த்தால்தான் இதன் நன்மையும் விளங்குகிறது. வெள்ளைச் சோற்றில் நார்ச்சத்து இல்லை என்றே சொல்லலாம். சுட்ட கஷ்கொட்டை 100 கிராமில் 5 கிராம் இருக்கிறது. பொட்டாசியம் 590 மில்லிகிராம் அளவு. அதே எடை வாழைப்பழத்தில் 360தான். உப்புச்சத்து ஏறக்குறைய இல்லவே இல்லை. இரத்த அழுத்தம் உள்ள எங்கள் முதியவர்களுக்கு இது பொருந்துகிறது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம்தான் பகை. எங்கள் இல்லத்தில் அப்படி இருவருக்குக் கஷ்கொட்டை நாளிலும் வேறு தட்டுத்தான் போகும். செம்பும் மாங்கனீசும் பி6, ஃபோலேட் என்ற இரு விட்டமின்களும் கணிசமாக உண்டு. புரதம் மட்டும் குறைவு, 3 கிராம். பாலோ பருப்போ முட்டையோ கூட வேண்டும்.

பாதாம், முந்திரி இரண்டிலும் ஏறக்குறைய இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: விட்டமின் சி. பச்சைக் கொட்டை 100 கிராமில் 43 மில்லிகிராம். சுட்ட பிறகும் 26 மிஞ்சுகிறது. பனி மூடிய மலைக் கிராமத்தில், தோட்டத்தில் ஒரு பச்சை இலை இல்லாத மாதங்களில், அது என்ன பெறுமதி என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த மலைக் கிராமத்தை எனக்குக் காட்டியவர் எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி. தொண்ணூறைக் கடந்தவர். நாங்கள் எல்லாரும் அவரை நோனா என்போம். இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கஷ்கொட்டை வேகும் வாசனை வந்தால் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்துவிடுவார். சுட்டதும் ஈரத் துணியில் பொதிந்து பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். அந்த வெக்கையில் உள்தோல் நெகிழும். கோதைவிட அந்த உள்தோல்தான் தொல்லை. கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். ஆறிவிட்டால் உரியாது. சூட்டோடு சூடாக, விரல் சுட்டாலும் உரிக்க வேண்டும்.

"ஆளுக்கு ஒரு மரம். குளிர்காலம் கடக்க அது போதும். எங்கள் வீட்டில் ஏழு பேர்" என்று நோனா ஒருநாள் சொன்னார். ஏழு மரம் இருந்ததா என்று கேட்டேன். ஐந்து என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஆல்ப்ஸின் இந்தச் சரிவுகளில் கோதுமை நன்றாக வராது. நூற்றாண்டுக் கணக்காக இங்கே கஷ்கொட்டைதான் ஏழையின் தானியம். இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் இதற்கு வைத்த பெயரே 'ரொட்டி மரம்'. டிச்சினோவில் பொதுக் காணியில் நின்ற மரம்கூட ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்ததுண்டு. மண் ஊருக்கு, மரம் வீட்டுக்கு. கஷ்கொட்டைத் தோப்பை இவர்கள் 'செல்வா' என்கிறார்கள். காடு என்று பொருள்படும் லத்தீன் 'சில்வா'விலிருந்து வந்த சொல் அது. முதல் தடவை கேட்டபோது என் காதில் செல்வம் என்றே விழுந்தது, இன்னமும் அப்படித்தான் விழுகிறது.

ஈரம் பாதி என்றேன் அல்லவா, அந்த ஈரத்தோடு வைத்தால் இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். (வீட்டில் வாங்கி வைப்பவர்கள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஓரிரு நாள் வைத்துத் தின்றால் மா கொஞ்சம் சர்க்கரையாகி இனிப்புக் கூடும்.) ஆறு மாதம் வைத்துத் தின்ன வேண்டியவர்கள் அதற்கென்றே கல்வீடு கட்டினார்கள். இங்கத்திய பேச்சில் அதற்கு 'க்ரா' என்று பெயர். கீழே தரையில் சுடர் விடாமல் புகைந்துகொண்டே இருக்கும் நெருப்பு, மேலே பரண், பரணில் கஷ்கொட்டை. ஏறக்குறைய மூன்று வாரம் நெருப்பு அணையாமல், இடையில் ஒருமுறை புரட்டிவிட்டு, புகையிலும் வெக்கையிலும் உலர்த்துவார்கள். காய்ந்ததைச் சாக்கில் கட்டி மரக்குற்றியில் ஓங்கி அடித்தால் கோது நொறுங்கும். புடைத்து எடுத்த பருப்பை முழுதாகப் பாலில் வேகவைப்பார்கள், அல்லது மாவாக அரைப்பார்கள். முஜ்ஜோ பள்ளத்தாக்கில் கப்பியோ என்ற ஊரில் பழைய க்ரா ஒன்றைப் பேணி வைத்திருக்கிறார்கள். அதன் வாசலில் நின்றபோது எனக்கு ஒடியல் நினைவு வந்தது. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து, இடித்து மாவாக்கி, மழைக்காலத்துக்கு வைத்திருப்போமே, அதே ஏற்பாடு. ஒரு மரத்தை நம்பி ஒரு ஊர் உயிரோடு இருந்த ஏற்பாடு.

அந்த மரம் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும். 1904இல் நியூயோர்க் மிருகக்காட்சிசாலையில் நின்ற கஷ்கொட்டை மரங்களில் ஒரு பூஞ்சணம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த மரங்களோடு வந்தது அது. ஐம்பது ஆண்டுக்குள் அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் பட்டுப்போயின. 1938இல் அதே பூஞ்சணம் இத்தாலியின் ஜெனோவாப் பக்கம் தெரிந்தது. 1948இல் டிச்சினோவுக்கு வந்தது. நோனாவின் ஐந்து மரத்தில் மூன்று அப்படிப் போனவை. ஆனால் ஐரோப்பாவில் ஒரு விநோதம் நடந்தது. பூஞ்சணத்துக்கே ஒரு வைரஸ் நோய் தொற்றி அது வலுவிழந்தது. மரங்கள் பட்டையில் வடுவோடு பிழைத்துக்கொண்டன. அதற்குள் உருளைக்கிழங்கும் சோளமும் ரயிலில் வந்த அரிசியும் மக்களைத் தோப்பிலிருந்து பிரித்துவிட்டிருந்தன. 1990களிலிருந்துதான் இங்கே பழைய தோப்புகளைத் துப்புரவாக்கி மீட்டெடுத்து வருகிறார்கள். அந்தத் தோப்பில் போய் நின்றால், மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரங்கள்.

கஷ்கொட்டை மாவில் குளூட்டன் இல்லை. கோதுமை ஒவ்வாத குடல் நோய் உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் குளூட்டன் இல்லாததால் தனியே ரொட்டியாகப் பொங்காது. தஸ்கானியில் தண்ணீர், ஒலிவ் எண்ணெய், முந்திரிகை வற்றல், ரோஸ்மேரி இலை சேர்த்து, சீனியே போடாமல் தட்டையாகச் சுடுகிறார்கள். காஸ்தஞ்ஞாச்சோ என்று பெயர். மாவுக்கே இனிப்பு உண்டு. நான் வேறு வழி பார்த்தேன். வறுத்த அரிசி மா இரண்டு பங்கு, கஷ்கொட்டை மா ஒரு பங்கு, தேங்காய்ப்பூ, கொஞ்சம் உப்பு. பிட்டு அவித்தேன். கஷ்கொட்டை மா கூடினால் களியாகிவிடும், இந்த அளவில் உதிரியாக நின்றது. புகை வாசம் மெல்லிசாக வரும். சீனியும் வாழைப்பழமும் தேவைப்படவில்லை.

சுவிஸ் முழுக்க இலையுதிர் காலத்தில் விற்கும் வெர்மிச்செல் என்ற இனிப்பைப் பார்த்தால் எந்தத் தமிழரும் ஒரு கணம் நின்றுவிடுவார். இனிப்பாக்கிய கஷ்கொட்டை விழுதை உரலில் போட்டுப் பிழிந்து, இடியப்பம் போலவே தட்டில் விழுத்தி, மேலே பாலேடு அடித்து வைப்பார்கள். உரலும் நம் உரல் போலத்தான். அதில் சீனி நிறைய என்பதால் எங்கள் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், சின்னக் கிண்ணத்தில்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடமுடியாது. ஐரோப்பாவின் பூங்காக்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் விழுந்து கிடப்பதில் பெரும்பகுதி குதிரைக் கஷ்கொட்டை. அது நஞ்சு, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். நம் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணும் கஷ்கொட்டையின் உறை முள்ளம்பன்றி போல ஊசி ஊசியாய் நெருக்கமாக இருக்கும். உள்ளே இரண்டு மூன்று கொட்டை, ஒவ்வொன்றுக்கும் நுனியில் கூர் மூக்கும் சிறு குஞ்சமும். குதிரைக் கஷ்கொட்டையின் உறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டை முள். உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு கொட்டை, உருண்டை, மூக்கே கிடையாது. இலை கை விரித்தது போல் இருக்கும்.

மற்றது, ரப்பர் கையுறை போட்டால் தோல் தடிக்கிறவர்கள் கஷ்கொட்டையில் கவனமாக இருக்க வேண்டும். ரப்பர் பாலில் உள்ள புரதத்தைப் போன்ற ஒன்று இதிலும் வாழைப்பழத்திலும் வெண்ணெய்ப்பழத்திலும் இருக்கிறது. என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு இரண்டு கொட்டை தின்றதும் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, அம்புலன்ஸ் கூப்பிட வேண்டி வந்தது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் தெருவோரத்தில் பெரிய தாச்சியில் கருமணலோடு போட்டு வறுப்பதைக் கண்டிருப்பீர்கள். அது சீனக் கஷ்கொட்டை, வேறு இனம். சிறிது, உள்தோல் சுலபமாக உரியும். சோற்றோடு சேர்த்து எண்ணும் கணக்கு அதற்கும் இதேதான்.

போன கார்த்திகையில் நோனாவுக்கு அந்தப் பிட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரண்டியை ஒதுக்கிவிட்டு விரலால் கொஞ்சம் அள்ளி வாயில் வைத்தார். தேங்காயைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். மாவைப் பற்றிக் கேட்கவில்லை. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் நீளமாக மூச்சிழுத்தார். "நெருப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார். க்ரா இருக்கும் ஊரில் இளைஞர்கள் சிலர் முறை வைத்து இரவில் விழித்திருக்கிறார்களாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடத் தொடங்கினார்.