திறந்த குளமும் பூட்டிய ஆய்வகமும்: கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருளுக்கு உள்ள தடைகள்



இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவில் கணினி மென்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அறிவு யாருக்கு உரியது, அதைத் தொடுவதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்பது தலித் எழுத்து தொடக்கம் முதலே கேட்டு வரும் கேள்வி. அதே கேள்வி இன்று அரசுக் கலைக் கல்லூரியின் கணினி ஆய்வகத்திலும் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், அதன் மூலநிரலைப் படித்துத் தேவைக்கேற்ப மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தே இன்று நாம் லினக்ஸ் என்று அழைக்கும் இயங்குதளம் உருவானது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிப்பதால் அங்கே குழப்பம் உண்டு. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. நிறுவனம் மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுக்கும் மென்பொருள் இலவசம். ஆனால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

உரிமம் திறந்திருக்கிறது, காசும் கேட்பதில்லை. அப்படியிருந்தும் கல்லூரிகளுக்குள் இது ஏன் நுழையவில்லை?

விடை தேட மகத்துக்குப் போக வேண்டும். பொதுநிதியில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1924இல் மகத் நகராட்சி சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் தலைமையில் மக்கள் திரண்டு போய்க் குடிக்கும்வரை அந்தத் தண்ணீர் நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் நீதிமன்றத் தீர்ப்புக்கு 1937வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் உரிமை இருப்பதும் கையில் தண்ணீர் இருப்பதும் ஒன்றல்ல. தீண்டாமையின் கொடுமையை மென்பொருள் சிக்கலோடு சமன் செய்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டத்தில் திறந்த ஒன்றை நடைமுறையில் எவையெல்லாம் மூடி வைக்கின்றன என்று பார்க்கும் முறையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பாடத்திட்டம் என்னும் பூட்டு

முதல் தடை பாடத்திட்டம். 'சொல் செயலி', 'விரிதாள்' என்று திறனின் பெயரைப் போட வேண்டிய இடத்தில், 'எம்.எஸ். வேர்டு', 'எக்செல்' என்று ஒரு நிறுவனத்தின் சரக்குப் பெயரைப் போடுகிறார்கள். சமூகவியல் எனது பாடம். எங்கள் துறையில் புள்ளியியல் என்றாலே எஸ்.பி.எஸ்.எஸ். என்றாகிவிட்டது. அது ஐ.பி.எம். நிறுவனத்தின் சொத்து, உரிமக் கட்டணம் கிராமத்து மாணவருக்கு எட்டாதது. விளைவு, திருட்டுப் படி. அதே வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்யும் பி.எஸ்.பி.பி., அதைவிட ஆற்றல்மிக்க ஆர் ஆகியவை கட்டற்றவை. ஆனால் பாடத்திட்டத்தில் பெயர் இல்லை என்றால் தேர்வில் இல்லை. தேர்வில் இல்லாததை யாரும் நடத்துவதில்லை. இணைவு பெற்ற கல்லூரியின் ஆசிரியர் விரும்பினாலும் மாற்ற முடியாது. அந்த அதிகாரம் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவிடம் இருக்கிறது.

இரண்டாவது தடை செய்முறைத் தேர்வு. சி மொழிக்கு இன்றும் பல கல்லூரிகளில் டர்போ சி++ என்ற நீலத்திரைதான். டாஸ் காலத்து மென்பொருள் அது. இன்றைய கணினியில் ஓடாது என்பதால் டாஸ்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள்! கட்டற்ற ஜி.சி.சி. நிரல்பெயர்ப்பியும் டர்போ சியும் முதலில் வெளிவந்தது ஒரே ஆண்டில், 1987இல். ஜி.சி.சி. இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது, டர்போ நின்றுபோய்ப் பல காலமாகிறது. ஆனால் ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரல்களில் 'கோனியோ' தலைப்புக் கோப்பும் திரையைத் துடைக்கும் 'சிஎல்ஆர்எஸ்சிஆர்' கட்டளையும் இருக்கும். இவை டாஸ் காலத்து நிரல்பெயர்ப்பிகளின் வழியில் வந்தவை. லினக்ஸில் ஜி.சி.சி.யிடம் கொடுத்தால் பிழை காட்டும். அது பழைய பாடத்தின் பிழை. பழி லினக்ஸ் மீது விழுகிறது. வெளித்தேர்வாளர் முன்னால் மதிப்பெண்ணைப் பணயம் வைக்க எந்த மாணவரும் துணிய மாட்டார்.

ஆள், நேரம், மொழி

மூன்றாவது, ஆசிரியர் நிலை. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகளைத் தாங்குவது கௌரவ விரிவுரையாளர்கள். பணிப் பாதுகாப்பு இல்லாதவரிடம் புதிதாக ஒன்றைக் கற்று, பாடக்குறிப்பை மாற்றி, ஆய்வகத்தையும் மாற்று என்று கேட்பது எளிது. பயிற்சிக்கான நாளையும் ஊதியத்தையும் யார் கொடுப்பார்கள்? அதோடு கணினியில் லினக்ஸை நிறுவவும், அச்சுப்பொறி வேலை செய்யாதபோது சரிசெய்யவும் ஆய்வக உதவியாளர் வேண்டும். அந்தப் பணியிடம் நிரப்பப்படாவிட்டால், முதல் கோளாறிலேயே 'பழையதையே போடுங்கள்' என்ற முடிவு வந்துவிடும்.

இதை 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பார்த்தோம். அதில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. முதன்முதலாகக் கணினி நுழைந்த எத்தனையோ சேரி வீடுகளுக்கு அது பெரிய வரவு. ஆனால் லினக்ஸைக் கற்பிக்க வகுப்பில் ஆள் இல்லை, தேர்வில் இடமில்லை. பொருள் வந்தது, பயிற்சி வரவில்லை.

நான்காவது, மொழி. வழிகாட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்த்துறைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், பேஜ்மேக்கரில் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து பழகியவர்கள் நாம். அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றது. தட்டச்சு மையங்களின் பழக்கம் அதற்குப் பின்னும் நீடிக்கிறது.

ஐந்தாவது, வேலை. 'டேலி தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள்' என்று வணிகவியல் மாணவர் சொன்னால் அதை அலட்சியப்படுத்த முடியாது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வேலைதான் முதல் தேவை. டேலியைக் கற்கட்டும்; கூடவே கணக்கியலின் அடிப்படையையும் கற்கட்டும் என்பதே என் பதில். ஒரு பொத்தானை மட்டும் அறிந்தவர், பொத்தான் இடம் மாறினால் நின்றுவிடுவார். லினக்ஸுக்கு வேலை இல்லை என்பதும் உண்மையல்ல. உங்கள் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசி லினக்ஸ் கருவில் ஓடுகிறது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

கட்டற்றவர்களின் கட்டு

ஒரு தடையைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் பேசுவதில்லை. இங்கே திறமை மட்டுமே பார்க்கப்படும், சாதி பார்க்கப்படாது என்பார்கள். பங்களிப்பு என்பது ஊதியமில்லாத உழைப்பு. அதற்குச் சொந்தக் கணினி வேண்டும், இணையம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கட்டட வேலைக்குப் போகும் மாணவருக்கும், ஐந்தரை மணிக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவிக்கும் அந்த நேரம் எங்கிருந்து வரும்? தகுதி என்று சொல்லப்படுவதில் பாதி, முந்தைய தலைமுறைகள் சேர்த்து வைத்த ஓய்வு. சாதி, உழைப்பைப் பிரித்ததோடு நிற்காமல் உழைப்பவர்களையும் பிரித்தது என்றார் அம்பேத்கர். 'நீ பயன்படுத்து, உள்ளே திறந்து பார்ப்பது எங்கள் வேலை' என்ற பிரிவினையும் அந்த வழியில் வந்ததுதான்.

இதை உணர்ந்து வேலை செய்தவர்களும் உண்டு. பெங்களூருவின் சுதர்ஷன் லேஅவுட் குடிசைப்பகுதியில் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்கள் அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தை நடத்தினார்கள். நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டு, ஜிம்ப் மென்பொருளில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதில் ஆசிரியர் சங்கத்தின் போராட்டத்துக்குப் பங்கு உண்டு. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வையே லினக்ஸில் நடத்தினார்கள். தேர்வு மாறியதும் ஆய்வகமும் மாறியது.

நாம் கேட்க வேண்டியவை

மாணவர் அமைப்புகள் முன்வைக்கக்கூடிய கோரிக்கைகள் சில. பாடத்திட்டத்தில் திறனின் பெயர் இருக்கட்டும். எந்த மென்பொருளில் செய்தாலும் விடை சரியென்றால் மதிப்பெண் தரட்டும். வகுப்பு முடிந்தபின் இரண்டு மணி நேரம் ஆய்வகம் திறந்திருக்கட்டும். வீட்டில் கணினி இல்லாதவருக்கு அதுதான் வீடு. கௌரவ விரிவுரையாளருக்கு ஊதியத்தோடு பயிற்சி கிடைக்கட்டும். பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் பத்து நிமிட அளவிலான பாடங்கள் தமிழிலும் உள்ளன. மத்திய அரசு 2015இலேயே தன் துறைகளுக்குத் திறந்த மூல மென்பொருள் கொள்கையை அறிவித்துவிட்டது. அதைக் காட்டி, நம் கல்லூரிகளுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்கலாம்.

இன்னொன்று, உடனே செய்யக்கூடியது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில், உங்கள் அரசுக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ மென்பொருள் உரிமங்களுக்குச் செலவிட்ட தொகையைக் கேளுங்கள். ஆய்வக உதவியாளர் பணியிடங்களில் எத்தனை காலி என்பதையும் அதே மனுவில் கேளுங்கள். இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாடத்திட்டக் குழுவுக்கு எழுதுங்கள். எழுதும்போது தனியாளாக எழுத வேண்டாம். மகத்துக்கு யாரும் தனியாகப் போகவில்லை.