குதிரை ஏறத் தெரியாதவர்களே, வாருங்கள்

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிகளில் வகுப்புகள் தொடங்கியதும், மாணவர் சங்கங்கள் மைதானத்தில் வரிசையாக மேசை போட்டு ஆள் சேர்க்கும். நடனக் குழு, விவாதக் குழு என்று நின்று நின்று விசாரிக்கும் புது மாணவர்கள் குதிரையேற்றக் குழுவின் மேசையை மட்டும் ஒரு சிரிப்போடு கடந்துவிடுவார்கள். முன் அனுபவம் தேவையில்லை, எந்த நிலையில் இருப்பவரும் சேரலாம் என்று எழுதி வைத்திருந்தாலும் அதை உபசார வார்த்தையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பண்ணையும் லாயமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் கூடும் இடத்தில் நமக்கென்ன வேலை என்ற தயக்கம். ஆனால் அந்த அறிவிப்பில் உபசாரம் எதுவும் இல்லை. கல்லூரிக் குதிரையேற்றப் போட்டியின் விதிகளைப் படித்துப் பார்த்தால், புதியவர் இல்லாத குழுவுக்கு அது நஷ்டம் என்பது புரியும். புதியவரை அழைப்பது குழுவின் தாராள மனசு மட்டுமல்ல, அதன் தேவையும்கூட.

இந்த விதிகளுக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். 1967-இல் நியூ ஜெர்சியின் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பாப் காக்கியோன் என்ற மாணவர், கல்லூரிகளுக்கு இடையிலான குதிரைக் காட்சிச் சங்கத்தைத் தொடங்கினார். ஆங்கில முதலெழுத்துகளால் ஐ.எச்.எஸ்.ஏ. என்று அழைக்கப்படும் அந்தச் சங்கத்தில் இன்று 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பணமோ அனுபவமோ இல்லை என்பதற்காக எந்த மாணவரும் வெளியே நிற்கக் கூடாது என்பது தொடக்கம் முதலே அதன் கொள்கை. கொள்கையை யாரும் எழுதிவிடலாம். அதை நடைமுறையாக்கிய விதத்தில்தான் இதன் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. போட்டிக்கு யாரும் தம் குதிரையைக் கொண்டுவருவதில்லை. போட்டியை நடத்தும் கல்லூரி குதிரைகளைத் தருகிறது. எந்தக் குதிரை யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். ஏறி அமர்ந்து அங்கவடியின் நீளத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அதற்கு மேல் அந்தக் குதிரையோடு பழகிப் பார்க்க அனுமதி கிடையாது. நேராகக் களத்துக்குள் போக வேண்டியதுதான். நடுவர் பார்ப்பதும் குதிரையின் அழகை அல்ல. ஏறியிருப்பவரின் இருக்கை, கை, கால், அவர் குதிரையை நடத்தும் விதம் ஆகியவற்றை. விலையுயர்ந்த குதிரை வாங்கிக் கொடுத்த அப்பாவின் பணத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை.

சீட்டைவிட முக்கியமானது மதிப்பெண் முறை. குதிரை மேல் இதுவரை ஏறாதவருக்கு நடையும் ‘டிராட்’ எனும் துள்ளுநடையும் மட்டுமே உள்ள அறிமுகப் பிரிவு. அதற்கடுத்த பிரிவுகளில் ‘கேன்டர்’ என்ற மென்பாய்ச்சல் சேரும். போகப்போகத் தடை தாண்டுதல் வரும். உச்சியில் ‘ஓப்பன்’ பிரிவு. எந்தப் பிரிவாக இருந்தாலும் முதலிடத்துக்கு 7 புள்ளி, அடுத்தடுத்த இடங்களுக்கு 5, 4, 3, 2, 1. ஒவ்வொரு பிரிவிலும் அணிக்காகப் புள்ளி எடுக்கப் போகிறவர் யார் என்று பயிற்சியாளர் முன்கூட்டியே ஒருவரைக் குறித்துக் கொடுத்துவிடுவார். பத்து வயதிலிருந்து தடை தாண்டிப் பழகிய மாணவி வெல்லும் 7 புள்ளியும், செப்டம்பரில் முதன்முதலாகக் கடிவாளம் பிடித்தவர் வெல்லும் 7 புள்ளியும் அணிக் கணக்கில் ஒன்றுதான். அறிமுகப் பிரிவில் நிறுத்த ஆளில்லாத அணி அந்தப் புள்ளிகளை அப்படியே இழக்கிறது. தெரிந்தவர் தெரியாத வேடம் போடாமலிருக்க, முன் அனுபவத்தை விசாரித்துத்தான் பிரிவு ஒதுக்குகிறார்கள். புள்ளி சேரச் சேர மேல் பிரிவுக்குப் போயே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்து வேறெந்தக் கல்லூரி விளையாட்டும் கற்றுக்குட்டிக்கு இவ்வளவு மரியாதை தருவதில்லை. கிரிக்கெட் அணிக்கு மட்டை பிடிக்கத் தெரியாதவர் பாரம். இங்கே அவருக்கென்றே ஓர் இடம் காலியாக இருக்கிறது.

முரட்டுக் குதிரை ஒருவருக்கும் சாதுவான குதிரை இன்னொருவருக்கும் வந்தால் அது திறமைப் போட்டியா, அதிர்ஷ்டப் போட்டியா என்று கேட்கலாம். ஒரு நாள் போட்டியை மட்டும் பார்த்தால் கேள்வியில் நியாயம் உண்டு. பருவம் முழுக்க ஒருவருக்கே முரட்டுக் குதிரை வந்துகொண்டிருக்காது என்பது ஒரு பதில். ஒரே குதிரையோடு வளர்ந்தவர் அந்தக் குதிரையைத்தான் அறிவார். அறிமுகமே இல்லாத குதிரையின் குணத்தை ஏறிய சில நிமிடங்களில் படிப்பவரே உண்மையில் குதிரையேற்றம் தெரிந்தவர் என்பது இன்னொன்று. இந்தச் சீட்டுப் போட்டிகளில் கலந்துகொண்ட பீஸி மேடன் பின்னாளில் ஒலிம்பிக் அணித் தங்கத்தை 2004, 2008 இரண்டிலும் வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். கைதேர்ந்தவரின் வளர்ச்சியை இந்த முறை தடுக்கவில்லை என்பதற்கு அது போதும்.

செலவு பற்றிய ஆட்சேபத்தை இப்படித் தட்டிக்கழிக்க முடியாது. குதிரை வாங்க வேண்டாம் என்பதால் எல்லாம் இலவசம் என்று ஆகிவிடாது. பயிற்சி வகுப்புக் கட்டணம், போட்டிக் கட்டணம், ஊருக்கு வெளியே இருக்கும் லாயத்துக்குப் போய்வரும் செலவு எல்லாம் உண்டு. கல்லூரி எவ்வளவு கொடுக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். பகுதிநேர வேலை பார்த்துப் படிப்பவருக்கு இது சுமைதான். பல குழுக்கள் லாய வேலைக்கு ஈடாகக் கட்டணத்தைக் குறைக்கின்றன, நிதி திரட்டுகின்றன. அப்படியும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. ஆனால் மாற்று என்ன? தேர்ந்த வீராங்கனைகளைத் தேடிப் பிடித்து உதவித்தொகை கொடுத்துச் சேர்க்கும் பல்கலைக்கழக அணிகளும் அமெரிக்காவில் இருக்கின்றன. அங்கே புதியவருக்கு இடமே இல்லை. நம் ஊரில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி இயங்கும் என்.சி.சி. குதிரைப் பிரிவுகள் சொந்தக் குதிரை இல்லாத மாணவரையும் ஏற்றிவிடுகின்றன. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது இந்தத் திறந்த குழுக்களைத்தான்.

ஆபத்து உண்டு, இல்லை என்பவர் பொய் சொல்கிறார். 500 கிலோ எடையுள்ள, மிரளும் சுபாவம் கொண்ட பிராணியின் முதுகில் உட்காருகிறோம். அதனால்தான் கற்பது குழுவில், படிப்படியாக நடக்க வேண்டும். வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது, ஆகவே எந்தப் பக்கமாக அணுகுவது. குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வது எப்படி. சேணத்தின் வயிற்றுவார் இறுகியிருக்கிறதா என்று ஏறுமுன் ஏன் இன்னொரு முறை பார்ப்பது: முதல் வாரங்களின் பாடம் இவைதான். குதிகால் வைத்த காலணி கேட்பது அலங்காரத்துக்கல்ல, கால் அங்கவடிக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளாமலிருக்க. கற்றுக்குட்டிகளைச் சுமந்து குதிரைதான் வதைபடுகிறது என்பாரும் உண்டு. ஓய்வின்றி ஓட்டும் மோசமான லாயங்களுக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். சேரும் முன் குதிரைகளின் முதுகையும் குளம்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு நாளில் ஒரு குதிரை எத்தனை பேரைச் சுமக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.

இந்த ஆண்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது: பெயர் கொடுக்க இரண்டாம் பருவம் வரை காத்திருக்க வேண்டாம். போட்டிகள் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். குதிரைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் பயிற்சி இடங்கள், அவை சீக்கிரம் நிரம்பிவிடும். ஜீன்ஸும் குதிகால் வைத்த காலணியும் முதல் நாளுக்குப் போதும். தலைக்கவசத்தை லாயத்திலேயே பெரும்பாலும் இரவல் தருவார்கள். தொடர்வது என்று முடிவானால் அதை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஒருமுறை விழுந்து அடிபட்ட கவசம், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி தலையைக் காக்கும் என்று நம்ப முடியாது.