உங்களுக்குத் தெரியுமா? காயைப் பார்த்துச் சொந்தம் சொல்லும் குடும்பம்

● பார்ஸ்னிப், வெளுத்த கேரட் போலிருக்கும் ஐரோப்பியக் கிழங்கு. உருளைக்கிழங்கு போய்ச் சேருமுன் அந்த ஊர்க்காரர்களின் வயிற்றை நிரப்பியவற்றுள் இதுவும் ஒன்று. உறைபனி விழுந்த பிறகு தோண்டினால்தான் ருசி; குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும்.

● பழைய ரோமானியர்களுக்குக் கேரட்டும் பார்ஸ்னிப்பும் ஒரே ‘பாஸ்டினாக்கா’தான். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பார்ஸ்னிப்புக்கு ‘பாஸ்டினாக்கா சட்டைவா’ என்று பெயர் வைத்தார். கேரட் ‘டாக்கஸ்’ பேரினத்துக்குப் போனது.

● இரண்டும் ஏபியேசி குடும்பம். சுமார் 3,700 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம் என்று நம் அஞ்சறைப்பெட்டியில் பாதி இதன் பிள்ளைகள். வல்லாரையும் உறவுதான். கருஞ்சீரகம் மட்டும் பெயரில்தான் சீரகம். அதன் குடும்பமே வேறு.

● இந்தக் குடும்பத்துச் செடிகளில், குடைக்கம்பிகள் போல ஒரே இடத்திலிருந்து காம்புகள் கிளம்பி, நுனியில் பொடிப்பொடியாகப் பூக்கும். முக்கால்வாசிச் செடிகளுக்கு இதே பூங்கொத்து என்பதால், பூவை வைத்து இனம் பிரிப்பது பெரும்பாடு. காயைப் பாருங்கள் என்று வழி காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் மாரிசன். 1672-இல் இந்தக் குடும்பத்துக்கென்றே தனி நூல் எழுதினார். ஒரே தாவரக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்த முதல் நூல் என்று தாவரவியலாளர்கள் கொண்டாடுவது அதைத்தான்.

● ஒரு தனியாவை விரலால் நசுக்குங்கள், சரிபாதியாகப் பிளக்கும். நாம் விதை என்று சொல்வது உண்மையில் காய்ந்த காய். ஒவ்வொரு பாதிக்குள்ளும் ஒரு விதை. பார்ஸ்னிப்பின் காய் தட்டையானது, ஓரத்தில் மெல்லிய சிறகு. அதன் முதுகில் நான்கு பழுப்புக் கோடுகள் ஏறக்குறைய நுனிமுதல் அடிவரை ஓடும். அவை எண்ணெய்க் குழாய்கள். வாசனை அங்கேதான் குடியிருக்கிறது. நெருங்கிய பங்காளியான ஹெராக்ளியத்தில் இந்தக் கோடுகள் பாதி வழியிலேயே தடித்து நின்றுவிடும். இவ்வளவு சின்ன அடையாளம் ஒரு பேரினத்தையே பிரித்துக் காட்டுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

● பார்ஸ்னிப் தழையின் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தீக்காயம்போலக் கொப்புளிக்கும். ஃபியூரனோகுமரின் என்ற பொருளின் வேலை அது.

● கி.மு. 399-இல் சாக்ரடீஸின் உயிரைக் குடித்த ஹெம்லாக் என்ற நச்சுச்செடியும் இதே குடும்பம். இலையைப் பார்த்தால் பார்ஸ்லி என்றே ஏமாந்துபோவோம். காயைப் பார்த்தால் தெரியும்: அதன் வரிகள் அலையலையாக நெளிந்திருக்கும்.