ஆவடி பக்கம் ட்ரோனில் மருந்து தெளிக்கிறீர்களா? முதலில் வானத்தின் நிறத்தைப் பாருங்கள்

நெல்லில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டுவிட்டது. கைத்தெளிப்பானுக்கு ஆள் கிடைக்கவில்லை. ட்ரோன் என்றால் ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர் கரைசல், பத்து நிமிட வேலை. உடனே போன் போட்டு வரச் சொல்லத் தோன்றும். ஆனால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டார விவசாயிகள் அதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் வயலுக்கு மேலே உள்ள வானம் என்ன நிறம்?

மூன்று மண்டலங்கள்

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள், வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. மஞ்சளில் அந்தப் பகுதியின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் 200 அடி வரைதான் பச்சை. மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிருக்குச் சில அடி மேலேதான் பறக்கிறது என்பதால் அங்கே பெரிய சிக்கல் இல்லை. அதற்கும் உள்ளே வந்தால் கதை வேறு.

நம் பக்கத்தில் தெற்கே மீனம்பாக்கம் விமான நிலையம். ஆவடியில் விமானப்படை நிலையமும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. இவற்றை ஒட்டிய வயல்கள் சிவப்பில் விழ வாய்ப்பு அதிகம். சிவப்பில் பத்தடி உயரத்தில் பறந்தாலும் விதிமீறல்தான். விதிகளை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

முக்கியப் பிரமுகர் வருகை போன்ற நேரங்களில் காவல்துறை ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். நேற்று பச்சையாக இருந்த வயல் இன்று சிவப்பாகலாம். அதனால் ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தின் வரைபடத்தை ஒவ்வொரு முறையும் பறக்கும் முன் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய சான்றுகள்

வாடகைக்கு வரும் ட்ரோன்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்: ட்ரோன் மாடலுக்கான வகைச் சான்று, தனி அடையாள எண், இயக்குபவரின் ரிமோட் பைலட் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு. பைலட் சான்றிதழ் பெற 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும்; பத்தாம் வகுப்பு தேர்ச்சியும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பயிற்சியும் அவசியம்.

நிறம் பச்சை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. ஐரோப்பிய நாடுகளில் ஆபத்து கூடிய பறத்தலுக்கு அனுமதி தரும்போது இரண்டு கேள்விகளை முன்வைக்கிறார்கள்: கீழே யார் இருக்கிறார்கள், மேலே எது பறக்கிறது? நம் ஊரில் வரப்புக்கு அடுத்தே குடியிருப்பு மனைகள் வந்துவிட்டன. உயரழுத்த மின்கம்பி, பள்ளிக்கூடம், கிணறு, அடுத்தவர் கீரைப்பாத்தி ஆகியவற்றை முதலில் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தெளிப்பதை அக்கம்பக்கத்தாருக்கு முந்தின நாளே சொல்லுங்கள். காற்று வீசும்போது வேண்டாம். ட்ரோன் கண்பார்வையை விட்டுப் போகக்கூடாது.

வாங்கும் முன் யோசியுங்கள்

‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தில் மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. மீதித் தொகைக்குக் கடன் வாங்கும் முன், வேலை கிடைக்கும் ஊர்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாதி ஊர் சிவப்பு என்றால் தவணை கட்டத் திணற வேண்டியிருக்கும்.

புழு அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்காது. மஞ்சள் மண்டல விவசாயிகள் நடவு முடிந்ததுமே விண்ணப்பத்தைத் தொடங்குவது நல்லது. சிவப்பில் இருப்பவர்கள் கைத்தெளிப்பானைப் பழுது பார்த்துத் தயாராக வைத்திருங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார வேளாண் அலுவலகத்திலோ கேட்டுத் தெளிவு பெறலாம்.